எல்லைக் கோட்டுக்கு அகலம் எவ்வளவு? ஆறாம் வகுப்பில் புள்ளி, கோடு, தளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தில் வடிவியல் நான்காவது பாடம். எண்கள், இயற்கணிதம், விகிதம் எல்லாம் முடித்து அங்கே வந்து சேரும்போது ஆகஸ்ட் ஆகிவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதியே திறந்த வருஷமாக இருந்தால் வயலில் குறுவை நிற்கும், சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருக்கும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் காலையிலேயே ஆள் இருக்காது. நீடாமங்கலம் பக்கம் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், அப்படியொரு பருவத்தில் இந்தப் பாடத்தை நடத்தியபோது கவனித்தவை இவை.

பிள்ளைகளுக்குப் புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு (இரு முனையிலும் முடிவது), கதிர் (ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் முடிவில்லாமல் நேராகப் போவது), தளம் என்ற ஐந்து சொற்களும் தெரியும். விளக்கமும் தெரியும். "கோடு என்றால் என்ன?" என்று கேட்டால் இரு பக்கமும் முடிவில்லாமல் நீள்வது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதே பிள்ளையிடம், இரு முனையிலும் அம்புக்குறி போட்ட இரண்டு கோடுகளைக் கரும்பலகையில் ஒன்று நெடுசாகவும் ஒன்று குட்டையாகவும் வரைந்து எது நீளம் என்று கேட்டால், நெடுசைக் காட்டும். ஒப்பிப்பது ஒன்று, நினைப்பது ஒன்று.

தொடங்கும் முன் வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளில் மூன்று முக்கியமானவை. ஒரு கோட்டில் எத்தனை புள்ளிகள்? பெரும்பாலானோர் சொன்னது இரண்டு. ஏ, பி என்று பெயர் போட்டிருப்பது இரண்டுக்குத்தானே. பலகையில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, ஆனால் தொடாமல் நிற்கும் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளுமா? வெட்டாது, நடுவில் இடம் இருக்கிறது. சாய்த்துவைத்த சிலேட்டு ஒரு தளமா? இல்லை, தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும்.

மூன்றாவது பதில் எனக்குப் பிடித்தது. தண்ணீர் சமமாக நின்றால்தான் சமம் என்பது பரம்பு அடித்த வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் பதில். தவறுதான், ஆனால் எங்கிருந்தோ வந்த தவறு இல்லை. மூன்று பதில்களுக்கும் அடி ஒன்றுதான்: வரைந்த படத்தையே பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். சாக்பீஸ் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவுதான் கோடு.

நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதியர் 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் சொன்னது இதுதான். வடிவியலைக் கற்பதில் படிகள் இருக்கின்றன, ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் குதிக்க முடியாது. ஆசிரியர் மேல்படியில் நின்றும் மாணவர் கீழ்ப்படியில் நின்றும் ஒரே சொற்களைப் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் புரியாது. நாம் "கோடு" என்னும்போது அவர்களுக்குக் கேட்பது "சாக்பீஸ் கீற்று".

வரிசையை மாற்றியது

பாடப்புத்தகம் புள்ளியில் தொடங்கி, கோட்டுக்குப் போய், தளத்தில் முடிக்கும். தர்க்கத்துக்கு அந்த வரிசை சரி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது கைக்கு எட்டாத இடத்தில் தொடங்குகிறது, ஏனென்றால் பரிமாணமே இல்லாத ஒன்றை முதல் நாளே எடுத்துக் காட்ட முடியாது. அதனால் செங்கல்லிலிருந்து தொடங்கினோம். ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை என்று தடவிப் பார்த்து எண்ணினார்கள். முகம் என்பது கல் முடியும் இடம். இரண்டு முகங்கள் சேர்ந்து முடியும் இடம் விளிம்பு. விளிம்புகள் முடியும் இடம் முனை. முனைக்கு அப்புறம் முடிவதற்கு ஒன்றும் இல்லை.

இது புதுசு ஒன்றும் இல்லை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய பதின்மூன்று புத்தகங்களில், முதல் புத்தகத்தின் முதல் வரையறை "பகுதி இல்லாதது புள்ளி" என்கிறது. இரண்டாவது, "அகலமில்லாத நீளம் கோடு". இந்த இரண்டையும்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றாவது வரையறை கோட்டின் முனைகள் புள்ளிகள் என்கிறது, ஆறாவது பரப்பின் ஓரங்கள் கோடுகள் என்கிறது, திண்மத்தின் எல்லை பரப்பு என்பது பதினொன்றாம் புத்தகத்தில் வருகிறது. மேலிருந்து இறங்கும் படிக்கட்டையும் அவரே கட்டிவைத்திருக்கிறார். வகுப்புக்கு உதவுவது அந்தப் படிக்கட்டுதான்.

வரப்பு

செங்கல்லின் விளிம்பில் ஒரு சிக்கல் உண்டு. விளிம்பு மழுங்கியிருக்கும், தொட்டால் அகலம் தெரியும். "அகலமே இல்லை" என்று சொன்னால் பிள்ளைகள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அங்கேதான் வரப்பு கைகொடுத்தது.

பக்கத்துப் பக்கத்து வயல் இரண்டு, நடுவே ஒரு வரப்பு. வரப்பு யாருடையது?

"பாதி எங்களுது, பாதி அவங்களுது டீச்சர்."

"உங்க பாதி எங்க முடியுது?"

"நடுவுல."

"நடுன்னா எவ்வளவு அகலம்?"

ஒரு பையன் கையை விரித்துச் சாண் காட்டினான். பின்பெஞ்சிலிருந்து உடனே குரல்: "அப்போ அந்தச் சாண் யாருக்குடா?" சிரிப்பு. சாண் விரலாயிற்று, விரல் நூலாயிற்று, நூல் தலைமுடியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி திரும்பி வந்தது. கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: "அகலமே இருக்கக் கூடாது டீச்சர். இருந்தா அதுக்கும் சண்டை வரும்."

அகலமில்லாத நீளம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. கோடு மெல்லியது அல்ல, அது அகலம் என்ற கேள்வியே எழாத ஒன்று. வரப்பில் நடக்கலாம், உளுந்து விதைக்கலாம், பக்கத்துக்காரர் வருஷா வருஷம் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கவும் செய்யலாம். எல்லைமீது இவை எதையும் செய்ய முடியாது. வரப்பைச் செதுக்கியதால் எல்லை நகர்ந்துவிட்டதா என்ற கேள்வி வகுப்பில் நெடுநேரம் ஓடியது. நகராது, சர்வேயர் வந்து அளந்தால் பழைய இடத்தையே காட்டுவார் என்பது ஒரு கட்சி. அளக்க வரும்வரை நகர்ந்ததுதான் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஊர் அனுபவம் அதிகம்.

புள்ளிக்கு இதிலிருந்து ஓரடிதான். மூலையில் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். கல் அரையடி அகலம் என்றால் மூலை அதில் எந்த இடம்? நடு. நடுவில் எவ்வளவு? இந்தத் தடவை யாரும் சாண் காட்டவில்லை.

ஒரு மாணவனின் அப்பா பட்டாவோடு வைத்திருந்த புலப்படத்தின் நகலைக் கொடுத்தனுப்பினார். எஃப்.எம்.பி. என்றே ஊரில் சொல்கிறார்கள், இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். புல எண்ணை மறைத்துவிட்டுப் பலகையில் பெரிதாக வரைந்தேன். அதில் எல்லைகள் எல்லாம் நேரான துண்டுகள். வளைந்து போகும் வாய்க்கால் கரைகூட வளைவாக இல்லை, திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோட்டுத்துண்டாகவே வரைந்திருந்தார்கள். உள்ளே மூலைக்கு மூலை ஒரு மூலைவிட்டம். அதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாக ஒரு சிறு கோடு, அதன் நீளம் எண்ணாக. முழு வயலும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிந்துவிடுகிறது. பரப்பு கணக்கிடுவது பின்னால் வரும் வகுப்புகளின் வேலை. ஆறாம் வகுப்புக்கு இது போதும்: ஒரு மா நிலத்தைத் தாளில் அடக்க, புள்ளியும் அவற்றை இணைக்கும் துண்டுகளும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. (ஒரு மா என்பது 100 குழி, குழி 144 சதுர அடி, ஆக ஏறக்குறைய 33 சென்ட். இதை நான் சொல்லித்தரவில்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.)

இதைப் பின்பற்ற நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். "உங்க வயல்ல..." என்று ஆரம்பிக்காதீர்கள். டெல்டாவில் வயலில் வேலை செய்யும் குடும்பங்களில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, அந்தப் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வரப்பு உரையாடலின் முதல் சில நிமிஷங்களில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. உடனே பெஞ்சுக்கு மாறினோம். ஒரு பெஞ்சில் இரண்டு பேர், நடுவே சாக்பீஸால் எல்லை. சாக்பீஸ் கீற்றின்மேல் பென்சிலை வைத்தால் அது யார் பக்கம்? வாதம் அதேதான், ஆனால் இதில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. அடுத்த முறை பெஞ்சில் தொடங்கி வரப்புக்குப் போவதுதான் நல்லது.

கொத்தனாரின் நூல்

பள்ளியில் சுற்றுச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரிடம், "அண்ணே, பிள்ளைங்க பத்து நிமிஷம் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக் கூட்டிப்போனேன். ஒரே ஆணியில் நூலைக் கட்டிவிட்டு, இதை எந்தப் பக்கம் இழுக்கலாம் என்று பிள்ளைகளைக் கேட்டார். எந்தப் பக்கமும். இரண்டாவது ஆணியில் கட்டி இழுத்தார். இப்போது? ஒரே பக்கம்தான். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள், இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடு. பாடப்புத்தகம் கட்டம் போட்டுச் சொல்வதை அவர் இரண்டு ஆணியில் முடித்தார்.

நான் எதிர்பார்க்காதது அடுத்தது. கல் வரிசையை நூலுக்கு ஒட்டாமல், மயிரிழை இடம் விட்டே வைத்துக்கொண்டு போனார். ஏன் என்று ஒருவன் கேட்டான்.

"கல்லு நூலைத் தொடக் கூடாது தம்பி. ஒரு கல்லு தொட்டாலும் நூலு தள்ளிக்கும். அப்புறம் அடுத்த கல்லு அதுக்கேத்த மாதிரி போகும், சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும்."

நீளமான சுவரென்றால் நூல் தொய்யும், நடுவில் ஒரு கல்லை முட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆக, நூலும் முழு நேர் இல்லை. நூல் தொய்கிறது என்று சொல்ல, தொய்யாத ஒன்று அவர் மனதில் முன்பே இருக்க வேண்டும். அந்தத் தொய்யாததற்குத்தான் கோடு என்று பெயர் என்று வகுப்புக்குத் திரும்பியதும் சொன்னேன். யாரும் ஒப்பிக்கவில்லை, தலையாட்டினார்கள்.

ஒன்பது புள்ளி

கோலத்தை வைத்து வடிவியலைத் தொடங்கலாம் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு ஆசிரியர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கோலத்தில் கணிதம் இருப்பதில் சந்தேகமே இல்லை. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களை வைத்துப் படங்களுக்கான இலக்கண முறைகளை, அதாவது படங்களை உருவாக்கும் விதிகளை, ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் முதல் நாளுக்குச் சிக்குக் கோலம் ஆகாது என்பது என் கருத்து. அதில் கம்பி புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும், புள்ளி வழியே போகாது. கோடு புள்ளிகளால் ஆனது என்று சொல்லவந்த இடத்தில், கோடு புள்ளியைத் தொடாமல் விலகிப்போகும் படத்தைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எனவே கோலத்திலிருந்து புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பள்ளி முற்றத்தில் மூன்றுக்கு மூன்று, நேர்ப்புள்ளியாக ஒன்பது புள்ளிகளைக் கோலமாவால் வைத்தார்கள். சணல் கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். குறைந்தது இரண்டு புள்ளிகள்மேல் கயிறு போனால் ஒரு கோடு. மொத்தம் எத்தனை வேறு வேறு கோடுகள்?

படுக்கையாக மூன்று, நெடுக்காக மூன்று, மூலைக்கு மூலை இரண்டு. எட்டு என்று முடித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேல்வரிசை நடுப்புள்ளியிலிருந்து இடப்பக்க நடுப்புள்ளிக்கு ஒருத்தி கயிற்றைச் சாய்த்துப் பிடித்தபோது மறுபடி எழுந்தார்கள். அதுபோல நான்கு, ஆக பன்னிரண்டு. மிச்சம் எட்டும் சதுரங்கத்தில் குதிரை போகும் வழியில் ஒளிந்திருக்கின்றன: ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்க நடுவுக்கு. அதைக் கண்டுபிடித்தவன் சதுரங்கம் ஆடுகிறவன் அல்ல, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றிவந்தவன். மொத்தம் 20.

இந்த விளையாட்டின் மதிப்பு 20-இல் இல்லை, நடுவே வந்த சண்டையில் இருக்கிறது. மேல்வரிசையில் முதல் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒன்று, அடுத்த இரண்டைச் சேர்த்தால் ஒன்று, முதலையும் கடைசியையும் சேர்த்தால் ஒன்று, ஆக அந்த வரிசையிலேயே மூன்று என்றாள் ஒருத்தி. இல்லை, கயிறு நகரவே இல்லையே, ஒன்றுதான் என்றான் எதிரே நின்றவன். இருவரும் சொன்னது சரி. அவள் கோட்டுத்துண்டுகளை எண்ணினாள், அவன் கோடுகளை எண்ணினான். துண்டுகளை எண்ணினால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எட்டு, 9 × 8 = 72, ஒவ்வொன்றும் இரண்டு தடவை வருவதால் பாதி, 36. அதே ஒன்பது புள்ளிகள், கோடுகள் 20, துண்டுகள் 36. கோட்டுக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கச் சொல்லி இனி இந்த வகுப்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கதிரும் தளமும்

கதிருக்கு உதாரணம் கேட்டபோது ஒருவன் காவிரி என்றான். குடகில் தொடங்கி ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். வகுப்பே அதைப் பிரித்துப் போட்டது. பூம்புகாரில் முடிகிறது, அதனால் கதிர் இல்லை. சுமார் 800 கிலோமீட்டரில் எங்கேயும் நேராகவும் இல்லை, அதனால் துண்டும் இல்லை. கல்லணையில் வேறு பிரிகிறது. தவறான உதாரணம் ஒன்று கதிரின் மூன்று இலக்கணங்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் என்று சரியாகச் சொல்லியிருந்தால் அடுத்த வரிக்குப் போயிருப்போம்.

பலகையில் தொடாமல் நின்ற அந்த இரண்டு கோடுகளை நூல் கட்டி வகுப்பறை வாசல் வழியே முற்றத்துக்கு நீட்டினோம். அடிபம்புக்குப் பக்கத்தில் சந்தித்தன. எந்தப் பக்கம் நீட்டினால் சந்திக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, "இடைவெளி குறையுற பக்கம்" என்றார்கள். யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் கூற்று) சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான், அவர் குறுக்கே ஒரு கோடு போட்டு உட்கோணங்களை வைத்துச் சொன்னார். தண்டவாளம் தூரத்தில் சேருகிற மாதிரி தெரிகிறதே என்ற கேள்வியும் வந்தது. அகல ரயில்பாதையில் இடைவெளி எங்கே அளந்தாலும் 1676 மில்லிமீட்டர், கண்தான் ஏமாற்றுகிறது. ஆனால் பாதை வளையும் இடத்தில் அது இணைகோடு இல்லை, ஏனென்றால் அங்கே கோடே நேராக இல்லை.

தளத்துக்குக் கொத்தனாரின் மட்டப்பலகையே போதும். பூசிய சுவரில் பலகையைப் படுக்கையாக, நெடுக்காக, சாய்வாக எப்படி வைத்தாலும் இடைவெளி தெரியக் கூடாது. தண்ணீர் டிரம்மில் அளவுகோல் நெடுக்காக ஒட்டும், குறுக்கே ஒட்டாது, ஆக அது தளம் இல்லை. சாய்ந்த சிலேட்டில் எல்லாத் திசையிலும் ஒட்டுகிறது. தண்ணீர் ஓடினாலும் அது தளம்தான். மட்டமாக இருப்பது வேறு, தளமாக இருப்பது வேறு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நான்கு கால் ஸ்டூல் ஆடுவதும் முக்காலி ஆடாததும் ஏன் என்று கொஞ்சம் தொட்டோம். ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும், நான்காவது அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கு நேரம் போதவில்லை.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) இந்தச் செயல்பாடுகளே போதுமானவையாக இருந்தன. பருவ முடிவில் வரும் தொகுத்தறி தேர்வில் புள்ளிக்கு வரையறை கேட்பதை நான் தவிர்த்தேன். 1899-இல் வடிவியலை அடியிலிருந்து கட்டியெழுப்பிய ஜெர்மன் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட்டே புள்ளி, கோடு, தளம் மூன்றையும் வரையறுக்காமல் விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையேயுள்ள உறவுகளை மட்டும் விதிகளாக எழுதினார். அவருக்கு இல்லாத கட்டாயம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு? அதற்குப் பதிலாக, படத்தைக் கொடுத்து உறவைக் கேட்டேன்: இந்தப் புள்ளி அந்தக் கதிரில் இருக்கிறதா, இந்த இரண்டும் ஒரே கோடா, நீட்டினால் எங்கே வெட்டும். முதலில் நெடுசைக் காட்டியவர்களில் பெரும்பாலோர் இப்போது இரண்டு கோடுகளுக்கும் நீளம் பார்க்கக் கூடாது என்றார்கள்.

ஒரு கோட்டில் எத்தனை புள்ளிகள் என்பது மட்டும் இன்னும் முடியவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒன்று, அதற்கும் இதற்கும் நடுவே ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம் என்பதை ஏறக்குறைய எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். வரப்புக்கு அகலம் வேண்டாம் என்ற அதே பெண் ஏற்கவில்லை. பாதி, பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் அணு வந்துவிடுமே, அப்புறம் எப்படி வெட்டுவது என்று கேட்டாள். அணுவில் முடிவது சாக்பீஸ், இடம் முடியாது என்றேன். "இடத்துக்கு அணு இல்லையா?" என்றாள். அவள் சமாதானம் ஆகவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்து வந்த கோணத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கை நீளமாக வரைந்த கோணம்தான் பெரிது என்று சொல்வது எல்லா வருஷமும் வரும் தவறு. கோணத்தின் கைகள் கதிர்கள், கதிருக்கு நீளம் கிடையாது என்பதை முன்பே வாதாடித் தீர்த்திருந்த பிள்ளைகள், கோணமானியை எடுக்கும் முன்பே அதை ஒதுக்கிவிட்டார்கள். காவிரி விவாதத்தன்று வராத இரண்டு மூன்று பேர் மட்டும் நீளமான கையையே காட்டினார்கள். அவர்களுக்குக் கதிரை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது, அதை அந்த விவாதத்தில் இருந்த பிள்ளைகளிடமே விட்டேன்.